காசைப் பார்க்க எந்த விளக்கு?

முதலில் டீ டம்ளரை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வையுங்கள். காசு இந்தப் பக்கம் இருக்கட்டும். அடியில் மெத்தென்று ஒரு துணி விரித்துக்கொண்டு, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பேசும்போது அதன் மேல் குனிய வேண்டாம். தெறிக்கிற எச்சில் அப்போது தெரியாது. சில மாதம் கழித்து அதே இடத்தில் கரும்புள்ளியாகத் தெரியவரும். செம்புக் காசென்றால் இன்னும் சீக்கிரம்.

காசு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் லென்ஸ் வாங்குகிறார்கள். பிறகு ஆல்பம், பிறகு விலைப் புத்தகம். விளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கூடத்து டியூப்லைட்டே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். போதாது என்று பட்டால் இன்னும் பிரகாசமான ஒன்றைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் பிரகாசம் இரண்டாம் பட்சம்தான். வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும்; அந்த இடம் சின்னதாக இருக்க வேண்டும்; காசு கையில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சுமாரான லென்ஸே போதும். இல்லாவிட்டால் எந்த லென்ஸாலும் பயனில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 11.66 கிராம் எடை, அதில் 91.7 விழுக்காடு வெள்ளி. பழைய வீடுகளில் பூஜைப் பெட்டியிலும் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலும் இன்றும் இருக்கிற காசு. டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்தால் வெள்ளையாக, சீராக, குறையில்லாமல் தெரியும். பக்கத்தில் இன்னும் நாலு ரூபாய்களை வைத்தால் அவையும் அப்படியே. அதுதான் சிக்கல். ஐந்தும் ஒரே தரமாக இருக்க வழியில்லை. விளக்கு வித்தியாசத்தை மறைத்துவிட்டது.

எப்படி மறைக்கிறது என்று பார்ப்போம். வழவழப்பான உலோகப் பரப்பின் மேல் வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ, அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பிப் போகும். மயிரிழைக் கீறல் என்பது அந்தப் பரப்பில் ஒரு குட்டி வாய்க்கால். அதன் இரு கரைகளும் வேறு வேறு பக்கம் சாய்ந்திருக்கும். விளக்கு சின்னதாக, ஒன்றே ஒன்றாக இருந்தால் தளத்தில் பட்ட வெளிச்சம் ஒரு பக்கம் போகும், கீறலின் கரையில் பட்டது இன்னொரு பக்கம் போகும். கண்ணுக்கு ஒன்று பளிச்சென்றும் மற்றது இருட்டாகவும் படுவதால் கீறல் தனித்துத் தெரிகிறது. நாலடி டியூப்லைட், வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை எல்லாம் சேர்ந்து ஒளி தரும் அறையில் கீறலின் கரை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அந்தத் திசையில் ஏதோ ஒரு வெளிச்சம் இருக்கும். தளமும் கீறலும் ஒரே அளவு மின்னும். கீறல் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் அகப்படவில்லை. நாணயக் கண்காட்சி நடக்கும் அரங்குகளில் கூரை முழுக்க எல்இடி பலகைகள் பதித்திருப்பார்கள். அங்கே எல்லாக் காசும் ஒரு படி உயர்ந்த தரமாகத் தெரிவது இதனால்தான். விற்பவர் செய்த சூழ்ச்சி என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள்.

கீறலாவது குறை. நிறையும் இதே வெளிச்சத்தில்தான் தெரிகிறது. நாணயச் சாலையில் அச்சு இறங்கும்போது வில்லையின் உலோகம் அழுத்தத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு அச்சின் முகத்தில் நுண்ணிய கோடுகளைத் தேய்த்து உண்டாக்கும். அடுத்தடுத்து அடிபடும் காசுகளில் அவை ஆரங்களாகப் பதியும். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத இந்தக் கோடுகளில் வெளிச்சம் பட்டால், காசின் மேல் இரண்டு ஒளிப்பட்டைகள் எதிரெதிராக விரியும். காசின் சாய்வை மெல்ல மாற்றினால் பட்டைகள் நடுப்புள்ளியைச் சுற்றி ஓடும். புது எவர்சில்வர் தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்திருப்பீர்களே, அதன் கடைசல் வரிகள் மேல் இரண்டு இறக்கையாக வெளிச்சம் சுற்றுமே, அதே சங்கதிதான். தட்டில் கோடுகள் வட்டமாக இருக்கும், காசில் ஆரமாக இருக்கும். சேகரிப்பாளர்கள் இதை லஸ்டர் என்பார்கள். கைமாறாத காசுக்கு இதுதான் உயிர். ஒரு முறை உரசிப் போனால் திரும்ப வராது, எந்தப் பாலிஷும் கொண்டுவராது.

தரமிடுவதில் பாதி வேலை இந்தப் பட்டையைப் பின்தொடர்வதுதான். ஜார்ஜின் கன்னம், தாடி, கிரீடத்தின் மேல் வளைவு என மேடான இடங்கள் எல்லாவற்றின் மேலும் அது தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா? கன்னத்தில் ஏறும்போது திடீரென்று அணைந்து, தாண்டியதும் மறுபடி எரிகிறதா? அணைந்தால் அந்த இடம் உரசியிருக்கிறது. உருவம் தேய்ந்து மழுங்குவதெல்லாம் பிறகு நடப்பது. முதலில் போவது பொலிவுதான்.

1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய ஒரு சென்ட் செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு தர அளவுகோலை வகுத்தார். பின்னால் மற்றக் காசுகளுக்கும் அதுவே பொதுவாகிவிட்டது. பிசிஜிஎஸ் (1986), என்ஜிசி (1987) என்ற அமெரிக்க நிறுவனங்கள் அந்த எண்ணைப் போட்டு, காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. நம்மூர் வெள்ளி ரூபாய்களும் இப்போது அப்படி வருகின்றன. 60ம் அதற்கு மேலும் என்றால் கைமாறாதது. 58 என்றால் துளி உரசல் உண்டு. இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளி பல நேரம் கன்னத்தின் மேல் ஒரு விரற்கடைக்கும் குறைவான மங்கலில்தான் அடங்கியிருக்கிறது. அதைக் காட்டவோ மறைக்கவோ உங்கள் விளக்கால் முடியும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பைக்குள் மற்ற காசுகளோடு மோதி வடுவேறிய 60ஐவிட, லேசாக உரசிய அழகான 58ஐத்தான் நான் எடுப்பேன். சந்தை என்னோடு ஒத்துப்போகாது.

பூஜைப் பெட்டிக் காசுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் நடந்திருப்பது துலக்கல். திருநீறு, அடுப்புச் சாம்பல், பல்பொடி, புளி, நம் வீடுகளில் வெள்ளிக்கு இவைதான் மருந்து. விளக்கையும் குங்குமச் சிமிழையும் தேய்க்கும் கையோடு காசையும் தேய்த்துவிடுவார்கள். நல்ல மனத்தோடு செய்த காரியம்தான், ஆனால் சேகரிப்பு மதிப்பு அங்கேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. தேய்த்த காசு டியூப்லைட்டில் பளபளவென்று கண்ணைக் கவரும். ஒற்றை விளக்கின் கீழே காட்டுங்கள்: ஒளிப்பட்டை ஓடாது. அதற்குப் பதிலாகக் காசு முழுக்க ஒரே பக்கமாகவோ வட்டமாகவோ மெல்லிய இழைகள் பற்றிக்கொண்டு மின்னும். விரல் போன தடம் அது. விளிம்பையும் அப்படியே சுற்றிப் பார்த்துவிடுங்கள். காசுமாலையில் கோத்தோ வளையம் வைத்தோ அணிந்திருந்தால் ஓரிடத்தில் ரம்பப்பல் வரிகள் மழுங்கி, பற்றவைத்த பொடி ஒட்டியிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் வேறு நிறம் காட்டும்.

காசில் கோடு தெரிந்தாலே துலக்கியது என்று தள்ளிவிடவும் கூடாது. நாணயச் சாலையில் அச்சையே தீட்டி மெருகேற்றுவார்கள். அப்போது அச்சில் விழும் கீறல் காசில் புடைத்த கோடாக வரும். இது காசின் குறையல்ல, பிறவி அடையாளம். இரண்டையும் பிரிக்கத் திசை தெரிந்த ஒற்றை விளக்கு வேண்டும். புடைத்த கோட்டில் விளக்கைப் பார்த்த பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் நிழலாகவும் இருக்கும். பள்ளக் கீறலில் விளக்குக்கு எதிர்க் கரைதான் மின்னும். இன்னொரு துப்பும் உண்டு. அச்சுக் கோடு தளத்தில் ஓடி வந்து எழுத்தின் அடியிலோ முகத்தின் ஓரத்திலோ நின்றுவிடும், ஏனென்றால் அச்சில் எழுத்தும் முகமும் பள்ளம், தீட்டும் கல் அங்கே இறங்காது. துலக்கிய கீறல் எழுத்தின் மேலேயும் ஏறிப் போகும்.

பள்ளம் மேடு என்று சொன்னதால் ஓர் எச்சரிக்கை. வெளிச்சம் மேலிருந்து வரும் என்று எடுத்துக்கொள்வது நம் மூளையின் வழக்கம். விளக்கை உங்கள் வயிற்றுப் பக்கம், காசுக்குக் கீழ்ப்புறமாக வைத்தால் ராஜாவின் முகம் சில நேரம் குழிந்து தெரியும். நிலாவின் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் பள்ளங்கள் குமிழிகளாகத் தெரிகிற அதே மயக்கம். அதனால் விளக்கு எப்போதும் காசின் மேற்புறம், கொஞ்சம் இடது பக்கமாக, கடிகாரத்தில் பத்து மணி பதினொரு மணி நிற்கும் இடத்தில் இருக்கட்டும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரம். மூடி போட்டு, பல்பு நேராகக் கண்ணில் குத்தாமல் தாழ்த்துங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், கண் பழகும். இப்போது வேண்டுமானால் டீயை ஒரு வாய் குடிக்கலாம்.

எந்த விளக்கு வாங்குவது என்று கடைக்குப் போகுமுன் வீட்டில் இருப்பதையே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளை விளக்குக்கு அடியில் வையுங்கள். ஒரு பென்சிலைத் தாளுக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். நிழல் ஒன்றே ஒன்றாக, ஓரம் ஓரளவு தெளிவாக விழுந்தால் அந்த விளக்கு தேறும். நிழலே இல்லாமல் மங்கலாகப் படர்ந்தால் வெளிச்சம் பரந்து வருகிறது. நாலைந்து நிழல் விழுந்தால் உள்ளே நாலைந்து எல்இடி மணிகள் தனித்தனியாக எரிகின்றன. மேசை விளக்கு என்று விற்பவற்றில் பல இந்தக் கடைசி ரகம். படிக்க நல்லது, காசுக்கு ஆகாது.

பழைய குண்டு பல்பு, அதிலும் 60 வாட் பால் நிறக் கண்ணாடி போட்டது, சாதாரணப் புழக்கக் காசுக்கு இன்றும் என் முதல் தேர்வு. அந்த உருண்டை ஆறு செ.மீ. அகலம்தான். லஸ்டரை இதமாக ஓடவிடும், பெரிய கீறல்களை மறைக்காது. நிறங்களையும் விட்டுவைக்காமல் காட்டும். சேகரிப்பாளர்களுக்கென்றே அடிக்கும் ப்ரூஃப் காசுகளுக்கு இது போதாது. பம்பாய் நாணயச் சாலை பழைய அச்சுகளை வைத்து அடித்த மறுபதிப்பு ரூபாய்களின் தளம் கண்ணாடி போல இருக்கும். அதில் பஞ்சு பட்டாலும் இழை விழும். அதைக் காண இன்னும் சின்ன ஒளிமூலம் வேண்டும். இழை தெரிகிற தெளிவுக் கண்ணாடி பல்பு அல்லது ஹாலஜன் இங்கே சரி. ஹாலஜன் கடுமையாகச் சுடும், பிளாஸ்டிக் உறைகளை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குண்டு பல்பு கிடைக்கவில்லை என்றால் ஒற்றைச் சில்லு எல்இடி வாங்கலாம். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்றும், நிறக் குறியெண் எனப்படும் சிஆர்ஐ 90க்கு மேல் என்றும் போட்டிருக்க வேண்டும்.

செல்போன் டார்ச்? அவசரத்துக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. அது எதிர்ப் பக்கத்துத் தவறைச் செய்கிறது. அவ்வளவு சின்னப் புள்ளியைக் காசுக்குப் பக்கத்தில் பிடித்தால் நேற்று அடித்த காசிலும் ஆயிரம் கீறல் தெரியும். அதில் தேறும் காசே கிடையாது. நேரடி வெயிலும் அப்படித்தான்: வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரி, அதாவது 5 மி.மீ. எல்இடி ஒன்றை இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் வைத்தது போல. லென்ஸின் வளையத்திலேயே சுற்றி எல்இடி பதித்து விற்கிறார்களே, அதை வாங்க வேண்டாம். எல்லாப் பக்கமிருந்தும் ஒளி விழுந்து புடைப்பையே தட்டையாக்கிவிடும்.

நிறம் தனிக் கதை. செம்புக் காசை சிவப்பு, சிவப்பும் பழுப்பும், பழுப்பு என்று மூன்றாகப் பிரித்து விலை வைக்கிறார்கள். கால் அணா ஒன்று இதில் எந்த வகை என்பது விளக்கைப் பொறுத்து மாறித் தெரியும். நம் வீடுகளில் பரவலாகத் தொங்கும் 6500 கெல்வின் எல்இடியில் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசித்தான் வெண்மையை வரவழைக்கிறார்கள். ஆழ்ந்த சிவப்பு அதில் குறைவு. நல்ல சிவப்புச் செம்பும் அதன் கீழ் செத்துப்போய்த் தெரியும். குண்டு பல்போ பழுப்பையும் கொஞ்சம் சிவப்பாக்கிக் காட்டும். அதனால் நிறத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை சரிபாருங்கள், மேகமூட்டமான நாள் உத்தமம். வடக்குப் பார்த்த ஜன்னலில் பார் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அவர்களுக்கு அது நேர்வெயில் அநேகமாக எட்டாத ஜன்னல். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும், இங்கே அந்த அறிவுரை வருடம் முழுக்கப் பொருந்தாது.

வெள்ளியில் படியும் நிறத்துக்கும் கோணம்தான் சாவி. காற்றிலும் அட்டைப் பெட்டியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மிக மெல்லிய படலமாகப் படிகிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து பொன், செம்மை, நீலம் என்று காட்டும். படலம் தடிக்கத் தடிக்க இந்த வரிசையில் மாறும். பரந்த வெளிச்சத்தில் கரிப்பிடித்த காசாகத் தெரிவது, ஒற்றை விளக்கின் எதிரொளி கண்ணில் படும் கோணத்தில் மயில் கழுத்தாகும். அந்தக் கோணத்தில் வரிசை குழம்பி, பொன் இல்லாமல் விளிம்பிலேயே திடீர் நீலம் நின்றால் யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

1911 ரூபாயை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. அரசரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கை குட்டையாகச் செதுக்கப்பட்டதால் அது பன்றி போலிருக்கிறது என்று முஸ்லிம்களிடையே எதிர்ப்புக் கிளம்பி, காசைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912இல் தும்பிக்கையை நீட்டினார்கள். ஆண்டு பொறித்தே இருப்பதால் அடையாளம் காண யானை தேவையில்லை. ஆனால் விளக்கின் திசையைப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. காசை மெல்லத் திருப்ப, தும்பிக்கையின் நிழல் நீண்டு குறுகுவதைப் பாருங்கள். எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் சாலைக்குறிக்கும் இதே சோதனை: ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பம்பாய்க்கு ஒரு சின்னப் புடைப்புப் புள்ளி, கல்கத்தாவுக்கு அதுவும் இல்லை. திருப்பும்போது நிழலும் கூடவே இடம் மாறினால் புள்ளி, மாறாவிட்டால் அழுக்கு.

நம் பழங்காசுகளுக்கு லஸ்டரும் இல்லை, பட்டையும் இல்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும் உள்ள ராஜராஜன் செம்புக் காசோ, யானையும் மீன் குறியும் கொண்ட சங்க காலப் பாண்டியர் சதுரக் காசோ பெரும்பாலும் களிம்பேறிக் கறுத்து, மழுங்கி வருபவை. இங்கே விளக்கைத் தாழ்த்தி, காசின் பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி ஒளியை விட வேண்டும். கால் மி.மீ. மேடும் நீண்ட நிழல் போடும். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த காசைப் படித்துச் சொன்ன இரா. கிருஷ்ணமூர்த்தியின் பணிக்குப் பிறகு, கறுத்த சதுரச் செம்பு எதையும் எழுத்தில்லை என்று சட்டென ஒதுக்க முடியாது. ஒரு திசையில் தெரியாத எழுத்துக்கால் இன்னொரு திசையில் தெரியும், அதனால் காசை முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். 2001இல் ஹியூலட் பேக்கர்ட் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் இதையே கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். கேமராவை அசைக்காமல், விளக்கைப் பல திசைகளில் மாற்றிப் படங்கள் எடுத்துச் சேர்த்துவிட்டால், பிறகு திரையில் விளக்கை நம் இஷ்டத்துக்கு நகர்த்திப் படிக்கலாம். அருங்காட்சியகங்கள் கல்வெட்டுக்கும் காசுக்கும் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன.

பெட்டியிட்ட காசு வாங்கும்போது பிளாஸ்டிக்கின் கீறலைக் காசின் கீறல் என்று மயங்க வாய்ப்புண்டு. பெட்டியை லேசாக ஆட்டுங்கள். கீறல் காசின் முகத்தைவிட்டு நகர்ந்தால் அது பிளாஸ்டிக்கில் இருக்கிறது.

கண்காட்சிக்குப் போகும்போது வீட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சில கடைக்காரர்கள் மேசையில் ஒற்றை விளக்கு வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள். இல்லையென்றால் கூரை வெளிச்சத்துக்கு உங்கள் தோளாலேயே கொஞ்சம் நிழல் செய்துகொண்டு, ஏதாவது ஒரு விளக்கின் எதிரொளியை மட்டும் காசில் பிடிக்கலாம். இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. நீங்கள் வீட்டு விளக்கில் பலமுறை பார்த்து, ஒவ்வொரு கீறலும் மனப்பாடமான ஒரு ரூபாயைச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். வாங்க நினைக்கும் காசுக்குப் பக்கத்தில் அதை வைத்துச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் காசின் எந்தக் கீறல்கள் அங்கே காணாமல் போகின்றனவோ, அந்த அளவு கீறல் கடைக்காரரின் காசிலும் ஒளிந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டு விலை பேசலாம். பையிலிருந்து எடுக்கும்போதே அது உங்களுடையது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.